புடா கோட்டையின் புனருத்தாரணம்

ஹங்கேரி தேசத்தின் தலைநகராகிய புடாபெஸ்டில், டான்யூப் நதியின் மேற்குக் கரையில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குன்று இருக்கிறது. அதன் தென்கோடியில் அரண்மனையும், வடபாகத்தில் பழைய நகரமும் அமைந்துள்ளன. கோட்டைக் குன்று என்று வழங்கும் இவ்விடத்தில், 2010-களின் நடுவிலிருந்து பெரியதொரு வேலை நடந்து வந்திருக்கிறது. இரண்டாவது மகாயுத்தத்தில் அழிந்தனவும், அதற்குப் பின்னர் இடித்துத் தள்ளப்பட்டனவுமான மாளிகைகளை, முன்னிருந்த கோலத்திலேயே திரும்பக் கட்டுவதுதான் அவ்வேலை. இதனைத் தேசத்தின் மானத்தை மீட்கும் கைங்கரியம் என்று அந்நாட்டாரிற் சிலர் போற்றுகின்றனர். கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுதப்படும் பொய்ச் சரித்திரம் என்று வேறு சிலர் தூற்றுகின்றனர். இவ்விரு கட்சிகளிலும் நியாயம் எங்கே, எவ்வளவு இருக்கிறதென்று ஆராய்வதே நமது நோக்கம்.

அயல்நாட்டு மராமத்து விஷயம் நமக்கெதற்கு என்று நமது வாசகர்களிற் சிலர் கேட்கலாம். இடிந்ததைக் கட்டுவது ஒன்று. இடிந்தவற்றுள் எதைக் கட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பது மற்றொன்று. முன்னது கொத்தனுடைய வேலை. பின்னதோ சரித்திரத்தின்மேல் தீர்ப்புச் சொல்லும் வேலை. எந்த நூற்றாண்டுக்கு உயிர் கொடுப்பது, எந்த நூற்றாண்டை மண்ணோடு மண்ணாக்குவது என்ற அத்தீர்ப்பைச் சொல்ல யாருக்கு அதிகாரம் உண்டு? பழைமையுள்ள எந்தத் தேசமும் இக்கேள்வியை ஒருநாள் சந்தித்தே தீரவேண்டும். புடா நகரத்தார் இன்று அதைச் சந்தித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இக்குன்றின் சரித்திரம் ஒரு நாசத்திலிருந்து தொடங்குகிறது. 1241-ம் வருஷத்தில் மங்கோலியர் படை ஹங்கேரியில் புகுந்து, முஹி என்னுமிடத்தில் நான்காம் பேலா மன்னனின் சேனையை முறியடித்தது. மறு வருஷம் அப்படை உறைந்து கிடந்த டான்யூப் நதியைக் கடந்து மேற்குக் கரையையும் சூறையாடியது. மங்கோலியர் திரும்பிச் சென்ற பிறகு, கல்லாற் கட்டிய கோட்டைகளின்றித் தன் பிரஜைகளுக்குப் பாதுகாப்பில்லை என்று உணர்ந்த பேலா மன்னன், 1247-ம் வருஷத்தை ஒட்டி இக்குன்றின்மேல் கோட்டையும் நகரமும் எழுப்பலானான். பின்னாளில் ரோமச் சக்கரவர்த்தியாகவும் முடிசூடிய ஜிகிஸ்முந்த் அதைப் பெரியதொரு காதிக் மாளிகையாக விரித்தான். 1458 முதல் 1490 வரை ஆண்ட மாத்யாஸ் மன்னன், நேப்பிள்ஸ் இளவரசி பியாத்ரீஸை மணந்து, இத்தாலியச் சிற்பிகளையும் பண்டிதர்களையும் வரவழைத்து, அதை ஐரோப்பாவின் அறிவு நிலையங்களுள் ஒன்றாக்கினான். அவன் சேகரித்த கையெழுத்துப் பிரதிகள் ஏறக்குறைய 2,000 இருக்குமென்பர். அச்சு யந்திரம் பரவத் தொடங்கிய அந்நாளில், அத்தகைய புஸ்தகசாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1526-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ம் தேதி மோஹாச் போர்க்களத்தில் துருக்கியர் வென்றனர். ஹங்கேரிய மன்னன் இரண்டாம் லூயி உயிரிழந்தான். சரியாகப் பதினைந்து வருஷங்கள் கழித்து, 1541-ல், அதே தேதியில் புடா கோட்டை சுலைமான் சுல்தானின் வசமாயிற்று. 145 வருஷம் துருக்கியர் ஆட்சி நடந்தது. மாதா கோயில்கள் மசூதிகளாயின. மாத்யாஸின் புஸ்தகங்கள் சிதறின. அரண்மனையின் கூடங்கள் படைவீடுகளாகவும் வெடிமருந்துக் கிடங்குகளாகவும் மாறின. 1578-ல் அக்கிடங்கில் இடி விழுந்து ஒரு பாகம் சிதறிற்று. ஆனால் அரண்மனையை அடியோடு அழித்தவர்கள் துருக்கியரென்று எண்ணுவது தவறு. 1686-ல் நகரை மீட்க வந்த கிறிஸ்தவச் சேனைகளின் பீரங்கிகளே அக்காரியத்தைச் செய்தன. ஜூலை மாதம் 22-ம் தேதி அவர்களுடைய குண்டொன்று வெடிமருந்துக் கிடங்கில் விழ, மாளிகையின் பெரும்பாகம் ஆகாயத்தில் பறந்தது. செப்டம்பர் 2-ம் தேதி நகரம் மீட்கப்பட்டது. மீட்டவர்கள் தெருக்களில் முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டி வீழ்த்தினர். விடுதலை என்று சரித்திரப் புஸ்தகங்கள் சொல்லும் அந்த நாளுக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

பின்னர் வந்தது ஹாப்ஸ்பர்க் வமிசத்தாரின் ஆட்சி. 1715-ல் இடிபாடுகளை அப்புறப்படுத்த உத்தரவாயிற்று. 1749-ல் மரியா தெரேசா அரசியின் காலத்தில் புதிய அரண்மனைக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. அரசியோ வியன்னாவிலேயே வசித்தாள். குடியிருப்பாரில்லாத மாளிகையில் 1777-ல் சர்வகலாசாலை வந்து குடியேறிற்று. ஏழு வருஷம் அங்கே பாடம் நடந்தது. ஹங்கேரியரின் சுதந்திரப் போராட்டத்தின்போது, 1849 மே மாதம் 21-ம் தேதி, தளகர்த்தன் கோர்கெயி இக்கோட்டையை ஆஸ்திரியரிடமிருந்து மீட்டான். அப்போரில் அரண்மனை மறுபடியும் எரிந்தது. சில மாதங்களில் சுதந்திரமும் பறிபோயிற்று. இளமையில் இக்குன்றின்மேலேயே சிறையிருந்தவரும், அப்போராட்டத்தின் தலைவருமான லாயோஷ் கோஷூத் நாட்டைவிட்டு வெளியேறி, 1894-ல் இத்தாலியின் டூரின் நகரில் உயிர் நீத்தார்.

1867-ல் வியன்னாவுக்கும் ஹங்கேரியருக்கும் ராஜி ஏற்பட்டது. பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தி இக்குன்றிலுள்ள மாத்யாஸ் ஆலயத்தில் ஹங்கேரியின் மன்னராக முடிசூடினார். ராஜ்யத்தின் அந்தஸ்துக்கு ஏற்ற அரண்மனை வேண்டுமென்று 1890-ல் விஸ்தரிப்பு வேலை ஆரம்பமாயிற்று. சிற்பி மிக்லோஷ் இபிள் அடுத்த வருஷமே காலமாக, அலயோஷ் ஹவுஸ்மான் அதை ஏற்று 1905-ல் முடித்தார். நதியை நோக்கி ஏறக்குறைய 300 மீட்டர் நீண்ட முகப்பும், நடுவில் உயர்ந்த கும்மட்டமுமாக அது விளங்கிற்று. உள்ளே அமைந்த புனித ஸ்தேவான் மண்டபத்தின் வேலைப்பாடுகள், 1900-ம் வருஷத்துப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டுப் பரிசும் பெற்றன. இன்று திரும்பக் கட்டப்பட்டு வருவது இந்த ஹவுஸ்மான் அரண்மனைதான். புனருத்தாரணத் திட்டத்துக்கே அவர் பெயரைச் சூட்டித் தேசிய ஹவுஸ்மான் திட்டம் என்று அழைக்கின்றனர்.

அவ்வரண்மனை எத்தனை காலம் வாழ்ந்தது என்று கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். முழுசாக நாற்பது வருஷம். யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்தச் சக்கரவர்த்தி பெரும்பாலும் வியன்னாவிலேயே தங்கினார். 1918-ல் சாம்ராஜ்யமே சரிந்தது. 1920 முதல் 1944 வரை, ராஜா இல்லாத ராஜ்யத்துக்கு ராஜப்பிரதிநிதி என்ற விசித்திரமான பட்டத்துடன் மிக்லோஷ் ஹோர்தி அங்கே வசித்தார். அவர் அங்கே வீற்றிருந்தபோதுதான், 1944 மே மாதத்தின் நடுவிலிருந்து எட்டு வாரங்களுக்குள், ஹங்கேரியிலிருந்து 4,30,000-க்கு மேற்பட்ட யூதர்கள் ரயில் ஏற்றி அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அவுஷ்விட்ஸ் முகாமில் மாண்டனர். அக்டோபர் மாதத்தில் ஹோர்தி சண்டையை நிறுத்த முயன்றபோது ஜெர்மானியர் அவரை அகற்றினர். டிசம்பர் இறுதியில் சோவியத் சேனை நகரை முற்றுகையிட்டது. 1945 பிப்ரவரி 13-ம் தேதி முற்றுகை முடிந்தபோது, நகரமக்களில் ஏறக்குறைய 38,000 பேர் மடிந்திருந்தனர். கடைசிவரை ஜெர்மானியப் படை பதுங்கியிருந்த கோட்டைக் குன்று, எரிந்த கூரைகளும் வெறும் சுவர்களுமாக நின்றது.

நிற்க. இடிபாட்டிலும் ஒரு லாபம் கிடைத்தது. பழைய நகரத்து வீடுகளின் பூச்சுக்கள் குண்டுகளினால் உதிர்ந்தபோது, பதினெட்டாம் நூற்றாண்டு முகப்புக்களுக்குள்ளே மத்தியகாலத்துக் கற்சுவர்கள் மறைந்திருந்தது தெரியவந்தது. வாயில் நடைகளில், கூரிய வளைவுகளுடன் கல்லிற் செதுக்கிய இருக்கை மாடங்கள் வரிசையாக வெளிப்பட்டன. அரண்மனையின் அடியில் லாஸ்லோ கெரெவிச் நடத்திய அகழ்வில், அழிந்தே போயிற்றென்று கருதப்பட்ட மத்தியகால அரண்மனையின் மண்டபங்களும் மதில்களும் கிடைத்தன. 1974-ல் லாஸ்லோ சொல்னாய் என்ற ஆராய்ச்சியாளர், மண்ணில் புதைந்து கிடந்த காதிக் சிலைக் கூட்டமொன்றைக் கண்டெடுத்தார். தற்காலம் டான்சிச் தெரு என வழங்கும் தெருவில் மத்தியகாலத்து யூதர்களின் ஜெப வீடு அகப்பட்டது. இவற்றை மறுபடியும் பூசி மறைக்காமல், தெருவிற் போகிறவர் பார்க்கும்படி விட்டுவைத்தது அக்காலத்து நிபுணர்களின் பெருந்தன்மை.

ஆனால் அக்காலத்து ஆட்சியாளர்களைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. எரிந்த அரண்மனைக்குள் பழுது பார்த்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய அறைகளும் இருந்தன. கம்யூனிஸ்டு அரசாங்கம் பழைய ஆட்சியின் சின்னங்கள் என்று அவற்றைப் பெயர்த்தெறிந்தது. ஹவுஸ்மானுடைய கும்மட்டம் போய், அலங்காரமில்லாத புதிய கும்மட்டம் வந்தது. குதிரைப் பயிற்சிக் கூடமும், காவற்படை மாளிகையும், ஜோசப் இளவரசரின் மாளிகையும் இடிக்கப்பட்டன. முதலில் அரண்மனையைத் தங்கள் ஆட்சிபீடமாக்கிக்கொள்ளவே அவர்கள் யோசித்தனர். 1950-களின் இறுதியில் அதை விட்டுக் கலாசார நிலையமாக்கத் தீர்மானித்தனர். அதன்படி 1967-ல் நகரச் சரித்திரக் காட்சிசாலையும், 1975-ல் தேசியச் சித்திரசாலையும், 1985-ல் செச்சேனி தேசியப் புஸ்தகசாலையும் அங்கே குடிபுகுந்தன. 1987-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம், டான்யூப் கரைகளோடு சேர்த்து இக்குன்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிக்கொண்டது.

இந்த நிலையில்தான் ஹவுஸ்மான் திட்டம் வந்தது. ஸ்தேவான் மண்டபம் மீண்டும் உருவாகி, 2021 ஆகஸ்டு 20-ம் தேதி, ஸ்தேவான் மன்னரின் திருநாளன்று திறக்கப்பட்டது. குதிரைக் கூடமும் காவற்படை மாளிகையும் எழுந்துவிட்டன. திரித்துவச் சதுக்கத்திலுள்ள நிதி மந்திரியின் பழைய காரியாலயத்துக்கு, இழந்த கூரையலங்காரம் திரும்பச் சூட்டப்பட்டது. வேறு மாளிகைகளின் வேலையும் தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் பிரதம மந்திரி விக்டர் ஆர்பன், நதிக்கரையிலுள்ள பார்லிமெண்டுக் கட்டடத்தை விட்டு, குன்றின்மேலிருந்த பழைய கார்மெலைட் மடத்துக்குத் தம் காரியாலயத்தை மாற்றிக்கொண்டார். சித்திரசாலைக்கு நகரப் பூங்காவில் வேறு கட்டடம் எழுப்புவதென்றும், புஸ்தகசாலைக்கும் வேறிடம் தேடுவதென்றும் அவ்வரசாங்கம் திட்டம் வகுத்தது.

முதலில் திட்டத்தை ஆதரிப்போர் கட்சியை எடுத்துக்கொள்வோம். அவர்கள் சொல்வதாவது: எங்கள் அரண்மனையை அழித்தது காலமன்று, அந்நியர் யுத்தம் பாதி, அந்நியர் தயவில் நடந்த ஆட்சி மீதி. இரண்டுக்கும் எங்களைக் கேட்டவர்கள் இல்லை. எங்கள் சம்மதமின்றி அழிக்கப்பட்டதை நாங்கள் ஏன் அழிந்ததாகவே ஒப்புக்கொள்ளவேண்டும்? ஹவுஸ்மானின் படங்களும் புகைப்படங்களும் இருக்கின்றன. அன்று வேலை செய்த அதே பேச் நகரத்து ஷோல்னாய் மண்பாண்டத் தொழிற்சாலையும் இருக்கிறது. போலந்து தேசத்தார் வார்ஸா அரண்மனையைக் கட்டியபோது உலகம் பாராட்டிற்றே. நாங்கள் கட்டினால் மாத்திரம் பழிப்பது ஏன்?

இவ்வாதத்தை எளிதிலே தள்ளிவிட முடியாது. ஒரு ஜாதியாரின் கட்டடங்களை இடிப்பது அவர்களுடைய ஞாபகத்தை இடிப்பதாகும். பறிகொடுத்தவன் மீட்க விரும்புவதைப் பரிகசிக்க மற்றவர்களுக்குப் பாத்தியதை இல்லை. புதியதெல்லாம் உண்மை, திரும்பக் கட்டியதெல்லாம் போலி என்ற சித்தாந்தத்தை நாம் ஏற்கவில்லை. இன்று யாத்ரிகர்கள் மத்தியகாலத்தது என்று நினைத்து வியக்கும் மாத்யாஸ் ஆலயத்தின் பெரும்பாகம், 1874-க்கும் 1896-க்கும் இடையில் ஷூலெக் என்ற சிற்பி தம் கற்பனையையும் கலந்து அமைத்ததே. அதன் பக்கத்திலுள்ள மீனவர் கொத்தளமும் 1902-ல் அவர் முடித்ததுதான். அவற்றை இன்று யாரும் போலியென்று இடிக்கச் சொல்வதில்லை.

எதிர்க்கட்சியார் சொல்வது என்ன? 1964-ல் வெனிஸ் நகரில் கூடிய நிபுணர்கள், பழஞ்சின்னங்களைப் புதுப்பிக்கும் வேலை ஊகம் ஆரம்பமாகுமிடத்தில் நின்றுவிட வேண்டுமென்றும், ஒரு கட்டடத்தின் மேல் ஒவ்வொரு காலமும் விட்டுச்சென்ற அடையாளத்துக்கு மதிப்புக் கொடுக்கவேண்டுமென்றும் விதி வகுத்தனர். ஹவுஸ்மான் திட்டமோ அக்கட்டடங்களில் ஒரு காலத்தை மாத்திரம் உண்மையென்று ஏற்று, அதற்குப் பின் வந்ததைப் பிழையென்று துடைக்கிறது. பல இடங்களில் எழுவது பழைய மாளிகை அல்ல. புதுக் கட்டுமானத்தின்மேல் பழைய முகப்பு. உலகப் பாரம்பரியக் குழுவும் இவ்வேலைகளைப் பற்றிக் கவலை தெரிவித்திருக்கிறது. இவை அற்ப ஆட்சேபங்கள் அல்ல.

நமது அபிப்பிராயத்தில் இவ்வழக்கை மூன்று கேள்விகளால் தீர்க்கவேண்டும். கட்டுவதற்குப் போதிய அத்தாட்சி இருக்கிறதா? அதைக் கட்டுவதற்காக எது அப்புறப்படுத்தப்படுகிறது? கட்டி முடிந்தபின் அது யாருடைய அனுபோகத்துக்குப் போகிறது? முதற் கேள்வியைப் பற்றியே நிபுணர்கள் பெரும்பாலும் தர்க்கம் செய்கிறார்கள். பொது ஜனங்களுக்கு முக்கியமானவை மற்ற இரண்டும்.

ஸ்தேவான் மண்டபத்தை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். அத்தாட்சி ஏராளம், படங்களும் விவரங்களும் இருந்தன. அதற்காக மதிப்புள்ள எதுவும் அழிக்கப்படவில்லை. மண்டபம் பொது ஜனங்கள் பார்ப்பதற்குத் திறந்திருக்கிறது. அதை உருவாக்கியதில் மரவேலை, மண்பாண்டவேலை, நெசவு, தையல் முதலான கைத்தொழில்கள் மறுபடியும் உயிர் பெற்றன. அழிந்துபோகவிருந்த நுட்பங்களை இளைஞர்கள் கற்றுக்கொண்டனர். மண்டபத்தைக் காட்டிலும் இதுவே பெரிய லாபம் என்று நாம் சொல்வோம். இதை வேண்டாமென்று தள்ளுகிறவர் கொள்கைப் பித்துக் கொண்டவராகவே இருக்கவேண்டும்.

குன்று முழுவதையும் ஒரே வருஷத்துக்குத் திருப்பிவிட முயலும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. ஏன் 1905? பேலா மன்னன் காலத்தையோ மாத்யாஸ் காலத்தையோ திருப்ப முடியாது. அத்தாட்சி இல்லை என்பது உண்மை. எனினும் வேறொரு காரணமும் இருக்கிறது. 1920-ல் திரியானோன் உடன்படிக்கையினால் பழைய ராஜ்யத்தின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை ஹங்கேரி இழந்தது. ஆகவே அதற்கு முந்திய காலம் அந்நாட்டாரின் நினைவில் பூரணப் பொற்காலமாகப் பிரகாசிக்கிறது. அப்பொற்காலத்தில் பிரஜைகளிற் சுமார் பாதிப்பேர் மாகியார் அல்லாதவர். ருமானியர், ஸ்லோவாக்கியர், செர்பியர், ஜெர்மானியர் முதலியோர். நூற்றுக்கு ஆறு பேர் அளவுக்கே ஓட்டுரிமை இருந்தது. இவ்விவரங்களைக் கும்மட்டம் சொல்லாது. அழகான கட்டடத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. தான் எழுந்த காலத்தின் குற்றங்களையெல்லாம் தன் அழகினாலேயே மறைத்துவிடும். கட்டுகிறவர்கள் அவ்விவரங்களையும் அதே மாளிகைக்குள் எழுதி வைப்பார்களானால் நமக்கு ஆட்சேபமில்லை. ஹோர்தி வசித்த அறைகளைப் பார்க்க வருகிற மாணவனுக்கு, அவ்வறைகளில் விளக்கெரிந்துகொண்டிருந்தபோது புறப்பட்ட ரயில் வண்டிகளைப் பற்றியும் தெரியவேண்டும்.

பெர்லின் நகரத்து உதாரணம் இங்கே எச்சரிக்கையாக இருக்கிறது. அங்கே யுத்தத்தில் சேதமடைந்த அரசமாளிகையை 1950-ல் கம்யூனிஸ்டுகள் வெடிவைத்துத் தகர்த்தனர். அந்த இடத்தில் 1976-ல் தங்கள் குடியரசு மாளிகையைத் திறந்தனர். ஜெர்மனி ஒன்றானபின், 2006-க்கும் 2008-க்கும் இடையில் அம்மாளிகையும் தரைமட்டமாக்கப்பட்டு, அரசமாளிகையின் முகப்பு மறுபடியும் எழுந்தது. ஒரு ஆட்சி மற்றொரு ஆட்சியின் கட்டடத்தை இடிப்பதும், அடுத்த ஆட்சி அதற்குப் பதிலிடிப்பதுமாகப் போனால், இந்தப் பழிக்குப்பழிக்கு முடிவு எங்கே? வார்ஸாவில் நடந்ததோ வேறு. 1944-ல் ஜெர்மானியர் வெடிவைத்துத் தகர்த்த அரண்மனையை, 1971-ல் தொடங்கி 1984-ல் முடித்தனர். ஜனங்கள் தாமே நன்கொடை கொடுத்தனர். அழிவின்போது உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய சிற்பத் துண்டுகள் சுவர்களில் தம் பழைய இடங்களில் பதிக்கப்பட்டன. அங்கே ஒன்றைக் கட்டுவதற்காக மற்றொன்றை இடிக்கவில்லை. முடிந்ததும் அது காட்சிசாலையாயிற்று. புடாவில் திட்டத்தை ஆதரிப்போர் வார்ஸாவைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அழைத்த சாட்சி சொல்வதை முழுவதும் கேட்பதுதான் முறை.

இனிப் புஸ்தகசாலைக்கு வருவோம். இவ்விஷயத்தில் நமது மனத்தை மிகவும் உறுத்துவது இதுவே. 1802-ல் பிரபு பெரென்ஸ் செச்சேனி தமது சொந்தச் சேகரத்தைத் தேசத்துக்குத் தானம் செய்ததால் உண்டானது ஹங்கேரியின் தேசியப் புஸ்தகசாலை. மாத்யாஸ் மன்னனின் புஸ்தகங்களில் இன்று உலகெங்கும் எஞ்சியிருப்பவை இருநூற்றுக்குச் சற்று அதிகம். அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவை இப்புஸ்தகசாலையின் பொக்கிஷம். குன்றிலிருந்து சிதறிய ஓலைகளும் தோற்சுவடிகளும் நாலரை நூற்றாண்டு கழித்து, 1985-ல், அதே குன்றுக்குத் திரும்பி வந்தன. இதைவிடச் சிறந்த புனருத்தாரணம் வேறெது? மாத்யாஸின் சுவர்களைத் திரும்பக் கட்டுவது அசாத்தியம். ஆனால் அவன் செய்த காரியம் திரும்பவும் அவ்விடத்தில் நடைபெறலாயிற்று. அன்று ராஜசபைப் பண்டிதர் சிலருக்கே கிடைத்த பாக்கியம், இன்று அனுமதிச் சீட்டுள்ள எந்த மாணவனுக்கும் கிடைக்கிறது. அரண்மனையின் ஒரு சிறகுக்கு அரசகோலம் தருவதற்காக இந்தப் புஸ்தகசாலையை இறக்கிவிடுவது, விக்கிரகத்தை வெளியேற்றிவிட்டுக் கோயிலுக்கு வர்ணம் பூசுவது போலாகும். புஸ்தகசாலைக்கு இடம் போதவில்லை, கட்டடம் அதற்கென்று அமைந்ததல்ல என்று சொல்வது உண்மையாயின், குன்றிலேயே வசதி செய்து தருவதுதான் பரிகாரம்.

மூன்றாவது கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. குன்றின்மேல் அரசாங்கக் காரியாலயங்கள் முன்பும் இருந்தன என்பது மெய்யே. 1867 முதல் 1944 வரை பிரதம மந்திரிகள் அங்கே ஷாண்டோர் மாளிகையிலிருந்து ஆட்சி புரிந்தனர். 2003 முதல் அது ஜனாதிபதியின் காரியாலயம். ஆனால் பிரஜைகளின் பிரதிநிதிகள் கூடும் பார்லிமெண்டு நதிக்கு அக்கரையில், சமநிலத்தில் இருக்கிறது. மந்திரி தமது ஆசனத்தை அங்கிருந்து பெயர்த்துக் குன்றின் உச்சியில் போட்டுக்கொள்வதைச் சாதாரண வீடு மாற்றமாக எண்ணுவதற்கில்லை. உயரத்திலிருந்து ஆளவேண்டுமென்ற ஆசை அரசர்களுடையது. அந்த ஆசைக்கு அஞ்சியே ஜனங்கள் பார்லிமெண்டைக் கண்டுபிடித்தனர். எந்தக் கட்சி ஆண்டாலும், எவர் பிரதம மந்திரியாயினும், நாம் சொல்வது ஒன்றுதான். முடிவில் சித்திரங்களுக்கும் புஸ்தகங்களுக்கும் இடம் விட்டவர்கள் சர்வாதிகாரிகள். ஜனங்களின் ஓட்டினால் வந்த அரசாங்கம் அவற்றை வெளியேற்றியதென்ற பெயரைச் சம்பாதிக்கலாகாது.

கோட்டையின் வடமேற்கு மதிலருகே ஒரு சிறிய சமாதிச் சின்னம் இருக்கிறது. 1686-ம் வருஷத்து இறுதிப் போரில், எழுபது பிராயத்தை எட்டிய கிழவனாகியும் வாளேந்திப் போராடி விழுந்த கடைசித் துருக்கிப் பாஷா அப்துர்ரஹ்மானுக்காக 1932-ல் நாட்டப்பட்டது அது. நாட்டியவர்கள், அதே நாளில் எதிர்ப்பக்கத்தில் போரிட்டு மாண்ட ஹங்கேரிய வீரன் ஒருவனுடைய வமிசத்தார். அவன் வீரமுள்ள பகைவன், அவனுக்குச் சாந்தி உண்டாகுக என்ற கருத்தில் இரு பாஷைகளிலும் அதில் எழுதியிருக்கிறது. பகைவனுடைய ஞாபகத்துக்குக்கூட அக்குன்றில் இடம் கொடுக்க அந்தக் குடும்பத்தாருக்கு மனம் இருந்தது. தன் சொந்தச் சரித்திரத்தில் பிடிக்காத பகுதிக்கு இடமில்லையென்று ஒரு தேசம் சொல்லலாமா?

ஹங்கேரியர் கட்டட்டும். அத்தாட்சி உள்ளதை, வேறொன்றை அழிக்காமல், ஜனங்களின் உபயோகத்துக்காகக் கட்டட்டும். 1945-ம் வருஷத்துத் தழும்புகளிற் சிலவற்றையும் சுவர்களில் விட்டுவைக்கட்டும். பிள்ளைகள் கேட்கும்போது பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். புஸ்தகசாலையின் கதவைமட்டும் அக்குன்றின்மேல் மூடாதிருக்கட்டும். ஆறு நூற்றாண்டுக் காலம் அவ்வரண்மனையைக் கட்டியவர்களும் அழித்தவர்களும் அதைத் தங்கள் சொத்தென்றே எண்ணினர். அது ஜனங்களின் சொத்து என்று ஏற்பட்டு இன்னும் ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. அந்தப் பாத்தியதையைப் பாதுகாத்துவிட்டு, கும்மட்டத்தின் உருவத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் தர்க்கம் செய்யலாம்.